இரண்டாவது பாடி

கெட்டிமேளம் கொட்டியதும் மூன்று முடிச்சு விழ அரை நிமிடம்கூட ஆகாது. அட்சதை பறக்கும், யாரோ ஒரு சித்தப்பாவின் கை குறுக்கே நீளும். 'இன்னொரு தடவை கட்டுங்க' என்று மாப்பிள்ளையிடம் கேட்க முடியாது. கல்யாணப் புகைப்படக்காரரின் பையில் எது அவசியம், எது ஆடம்பரம் என்பதை அந்த அரை நிமிடத்தை வைத்தே தீர்மானிக்க வேண்டும். படத்தின் அழகெல்லாம் பிறகுதான்.

ட்ரோனும் கிம்பலும் இந்தச் சோதனையில் முதல் சுற்றிலேயே வெளியேறுகின்றன. 70-200 லென்ஸுக்குத்தான் வக்காலத்து வலுவாக இருக்கிறது. தூரத்தில் நின்று முகத்தை அள்ளும், பின்னணியைக் கரைக்கும். ஆனால் கேனானின் இ.எஃப். 70-200 எஃப்/2.8 இரண்டாம் பதிப்பின் எடை 1,490 கிராம். மேடையைச் சுற்றி வீடியோக்காரரும் மாமன்மாரும் மொய்க்கும்போது பின்னால் போக இடமும் இருக்காது. 24-70 ஒன்றும் 85 ஒன்றும் போதும். மாலை வரவேற்புக்கு ஃபிளாஷ். அதில் சர்ச்சை இல்லை.

உண்மையான சர்ச்சை மெமரி கார்டில். 2018-இல் நிக்கான் இசட்6, இசட்7, கேனான் இ.ஓ.எஸ். ஆர் மூன்றும் ஒரே கார்டு இடத்தோடு வந்தன. கல்யாணக்காரர்கள் கொதித்தார்கள். 'கார்டு எங்கேயப்பா அவ்வளவு சுலபமாகப் பழுதாகிறது?' என்று எதிர்த்தரப்பு கேட்டது. நியாயமான கேள்விதான், அபூர்வம்தான். ஆனால் கேமரா பாடி நின்றுபோனால் இனி எடுக்கவேண்டியது மட்டுமே போகும். அதுவும் அந்த நொடியே தெரிந்துவிடும். கார்டு போனால் எடுத்து முடித்ததெல்லாம் போகும். தெரியவருவது வீட்டுக்கு வந்த பிறகு. 2020-இல் நிக்கான் இசட்6-இன் இரண்டாம் பதிப்பிலும் கேனான் ஆர்6-இலும் இரட்டை இடம் வந்தது சும்மா அல்ல. இரண்டு இடம் இருந்தும், ஒரே படத்தை இரண்டிலும் எழுதவைக்காமல், முதல் கார்டு நிறைந்த பிறகே அடுத்ததில் எழுதும்படி வைத்திருப்பவர்கள் உண்டு. குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு மழையில் நடப்பது போல.

ஆக, என் தீர்ப்பு இது. புதிய மிரர்லெஸ் ஒன்று வாங்கும் பணத்தில் இரட்டைக் கார்டு கொண்ட பழைய பாடி இரண்டு கிடைக்குமானால் இரண்டையே வாங்கலாம். 2014-இல் வந்த நிக்கான் டி750 நல்ல உதாரணம். நடந்துவரும் மணப்பெண்ணின் கண்ணை விடாமல் பிடிக்கும் மிரர்லெஸ் ஃபோகஸ் பெரிய வசதி, மறுக்கவில்லை. ஆனால் அது இல்லாமலும் தாலி கட்டுவதை எடுத்துவிடலாம். நின்றுபோன பாடியால் எதையும் எடுக்க முடியாது. ஒன்றில் 24-70, மற்றதில் 85 இருந்தால் மேடையில் லென்ஸ் மாற்றும் தடுமாற்றமும் இல்லை. பேட்டரியும் இரண்டுக்கும் பொது.

இரண்டாவதை வாடகைக்கு எடுக்கலாமே என்றால், எடுக்கலாம். பொத்தான்கள் கைக்குப் பழகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் இரவே இரண்டின் கடிகாரத்தையும் ஒன்றாக்கிவிடுங்கள். மறந்தால் ஆல்பத்தில் தாரை வார்க்கும் முன்பே தாலி ஏறிவிடும்.