ரஜாய்க்குள் ஒரு குளிர்காலம்

தில்லிக் குளிரை எனக்குப் பிடித்துப்போகச் செய்தது ரஜாய்தான். பஞ்சு அடைத்துத் தைத்த கனத்த போர்வை. கம்பளி மேலே கிடக்கும்; ரஜாய் ஆளை அணைத்துக்கொள்ளும். சில வருஷத்தில் பஞ்சு கட்டிதட்டிப்போனால், பிரித்து, அடித்து, பூப்போலாக்கி மறுபடி அடைப்பார்கள். இழைகளுக்கு நடுவே தங்கும் காற்றுதான் உடம்புச் சூட்டைக் காக்கிறது. அந்தக் காற்றுக்கு இடம்விடத்தான் இத்தனை அடியும். முன்பெல்லாம் வில் நாணால் அடித்தார்கள். இன்று பெரும்பாலும் இயந்திரம். அந்த நாணின் அதிர்வோசையைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

ஜனவரியில் மூடுபனி எதிர்வீட்டையே மறைத்துவிடும். மதியம் வெயில் எட்டிப்பார்த்ததும் மொட்டைமாடியில் ரஜாய்களும் காயும், நாங்களும் காய்வோம். மடியில் வேர்க்கடலை, கையில் எள்ளும் வெல்லமும் சேர்ந்த கஜக். சென்னையில் வெயிலுக்கு நிழல் தேடி ஓடியவள் நான். வெயில் இத்தனை இதமானது என்று இங்கேதான் தெரிந்துகொண்டேன்.

குளிர்காலத்தில் தில்லி வந்தால், காலையிலேயே சாந்தினி சௌக் போய் 'தௌலத் கீ சாட்' சாப்பிடுங்கள். கடைந்த பாலின் நுரை, மேலே குங்குமப்பூ. வெயில் ஏறினால் அமுங்கிவிடும். கோடையில் கிடைக்காது.