பிணம் கரையேறாத ஊரில் துப்பறிதல்

தமிழில் துப்பறியும் கதைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1908இல் வந்தது. அன்றிலிருந்து நம் எழுத்தாளர்கள் கொலையைப் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்: பங்களா, உள்தாழ்ப்பாள் போட்ட அறை, சொத்துக்குக் காத்திருக்கும் மருமகன். சினிமாவில் இந்த வகையின் உச்சம் 'அந்த நாள்' (1954). ஒரு பாட்டுகூட இல்லாத படம். சுடப்பட்டுக் கிடக்கும் ராஜனின் தம்பி, தம்பி மனைவி, சொந்த மனைவி எல்லோரும் சந்தேக வளையத்துக்குள் நிற்பார்கள். செத்தவரின் உறவுக்காரர்களை வரிசையாக உட்கார வைத்துக் கேள்வி கேட்பதில் நமக்கு அலாதி ருசி.

பாம்பன் பாலத்தைத் தாண்டினால் இந்த இலக்கணம் செல்லாது. கதை தொடங்க முதலில் பிணம் வேண்டுமே!

ராமேஸ்வரத்தில் விசைப்படகு டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகிறது. மறுநாள் மற்ற படகுகள் கரை பிடிக்கின்றன, ஒன்று மட்டும் வரவில்லை. டோக்கன் பதிவில் இருப்பது போன கணக்கு மட்டும்தான். பக்கத்தில் வலை விரித்தவன்தான் சாட்சி. அவனும் இருட்டில் வலையை வெட்டிவிட்டு ஓடிவந்தவன். காற்றா, மோதலா, துப்பாக்கியா? வீட்டுக்காரி ஜெட்டியில் நின்று ஒவ்வொரு படகாகக் கேட்கிறாள். ஏழு ஆண்டு தகவல் இல்லாவிட்டால் இறந்ததாகக் கொள்ளலாம் என்கிறது சாட்சியச் சட்டம். அதுவரை அவள் தாலி எந்தக் கணக்கில் சேரும்? 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியபோதும் பல குடும்பங்களுக்கு இதே கேள்விதான் மிஞ்சியது.

உடல் கிடைத்தாலும் வழக்கு முடிந்துவிடுவதில்லை. 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்து இளம் மீனவர் ஒருவர் கடலில் குண்டடிபட்டு இறந்தார். இலங்கைக் கடற்படை தாங்கள் சுடவில்லை என்று மறுத்தது. தடயம் தேட நடுக்கடலில் என்ன இருக்கிறது? அலைக்கு மேல் சுண்ணாம்புக்கோடு போட முடியாது.

இந்தச் சிக்கலைக் கதையாகப் பிடித்த படம் என்று எனக்குத் தோன்றுவது சீனு ராமசாமியின் 'நீர்ப்பறவை' (2012). மர்மப் படம் என்று யாரும் அதைச் சொல்வதில்லை; காதல் கதை என்றே பேசினார்கள். ஆனால் அதன் கட்டுமானத்தைப் பாருங்கள். கடலுக்குப் போன கணவன் வருவான் என்று வருஷக்கணக்காகக் காத்திருப்பவள் எஸ்தர். அவள் வீட்டுக்குள்ளேயே மண்ணுக்கடியில் அவன் எலும்புக்கூடு அகப்படுகிறது. மகனுக்குத் தாய் மேலேயே சந்தேகம். போலீஸ் வருகிறது. 'அந்த நாள்' ரசிகன் உடனே தீர்ப்பு எழுதிவிடுவான்: மனைவிதான்! எஸ்தர் வாய் திறக்கும்போதுதான் தெரிகிறது, பிணம்தான் வீட்டில் இருக்கிறது, கொலை நடந்தது கடலில் என்று.

'பாபநாசம்' (2015) படத்திலும் புதைகுழிதான் முடிச்சு. அங்கே பிணத்தை ஒளிப்பது சாமர்த்தியம், பார்ப்பவன் கைதட்டுகிறான். 'நீர்ப்பறவை'யில் கைதட்ட ஆளில்லை. படத்தின் பிற்பகுதி கொஞ்சம் பிரசங்கமாக நீள்வது உண்மை. ஆனாலும் எஸ்தராக நந்திதா தாஸ் அந்த விசாரணையில் உட்கார்ந்திருக்கும் விதம் கண்ணைவிட்டுப் போகாது. குற்றவாளியின் பதற்றம் அவளிடம் இல்லை. வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தத்துக்குக் காது கொடுத்திருப்பவள் மாதிரி இருக்கிறாள்.