கூடையாய் முடைந்த கொடி

கிரேக்கத்தின் சான்டோரினித் தீவுக்குப் போகிறவர்கள் நீலக் குவிமாடங்களையும் ஓயா ஊரின் அஸ்தமனத்தையும் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் பிர்கோஸ், மெகாலோகோரி ஊர்கள் பக்கம் ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். அங்கே பல தோட்டங்களில் திராட்சைக்குப் பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும் கலந்த தரையில் கொடிகள் கூடைகளாகச் சுருண்டு கிடக்கின்றன.

குலூரா என்று இதற்குப் பெயர். குளிர்காலத்தில் கவாத்து செய்யும்போதே, விட்டுவைத்த கிளைகளை வளைத்துப் பழைய வளையத்தின்மேல் பின்னுகிறார்கள். குனிந்து இலையை விலக்கினால் உள்ளே அசிர்டிகோ வகைத் திராட்சைக் குலைகள், மஞ்சள் கலந்த பச்சையில். ஈஜியன் காற்று வாரியடிக்கும் மணல் அவற்றை அண்டாது. வெயிலும் நேராகச் சுடாது. கோடையில் மழை இல்லை. கடலிலிருந்து வரும் இரவு ஈரத்தை நுரைக்கல் பிடித்துவைத்துக் கொடுக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த பில்லாக்ஸெரா பூச்சி இந்த மண்ணில் பிழைக்கவில்லை. அதனால் கூடை தளர்ந்தால் வெட்டிவிட்டு, அதே பழைய வேரிலிருந்து புதுக்கொடி எடுக்கிறார்கள். என்ன ஒரு பொறுமை!

அசிர்டிகோ வைனில் புளிப்பு தூக்கல், லேசான உப்பு. சுட்ட மீனுக்கு இதைவிடப் பொருத்தமாக வேறொன்றை நான் சொல்லமாட்டேன்.

விடுதிகள் பெருகப் பெருகத் தோட்டங்கள் சுருங்கி வருகின்றன. ஆகஸ்ட் அறுவடைக்குப் போங்கள்; தோட்டக்காரரிடமே ஒரு பாட்டில் வாங்குங்கள்.