வன்னியின் துயரும் ஆய்வின் கடனும்

விஞ்ஞானம் மக்களுக்காகவே என்பதை மறுத்துரைப்பார் இன்று எவருமிலர். ஆயினும், மக்களைப் பற்றிச் செய்யப்படும் ஆய்வுகள் அம்மக்களுக்குப் பயன்படுகின்றனவா என்று வினவினால் விடை எளிதிற் கிடைப்பதில்லை. சுகாதாரம், கல்வி, நல்வாழ்வு ஆகிய துறைகளில் ‘பிரயோக ஆய்வு’ என்னும் பெயர் பெரிதும் அடிபடும் இக்காலத்தில், இவ்வினாவை எழுப்புதற்கு முள்ளிவாய்க்காலினும் பொருத்தமான இடம் இலங்கையில் இல்லை எனலாம்.

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு மருத்துவமனை ஷெல் வீச்சுக்கு இலக்காகிக் கைவிடப்பட்டது. அதன்பின் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பள்ளிக் கட்டடங்களே மருத்துவமனைகளாயின. பிள்ளைகள் எழுத்தறிந்த அறைகளிற் காயம்பட்டோர் கிடந்தனர். அவ்விடங்களும் ஷெல் வீச்சுக்குத் தப்பவில்லை. 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என 2011இல் ஐக்கிய நாடுகள் நிபுணர் குழு கூறிற்று. எஞ்சிய இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் முட்கம்பி வேலிக்குட்பட்ட முகாம்களில் அடைக்கப்பட்டனர். இம்மக்களின் உள்ளத்துக்கு நேர்ந்தது யாது? இதனை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். 1990இல் வெளிவந்த ‘முறிந்த பனை’யின் நான்கு ஆசிரியர்களுள் ஒருவர் இவர். உடனாசிரியரான ராஜனி திராணகம, 1989 செப்டெம்பர் 21ஆம் நாள் யாழ்ப்பாணத்திற் சுட்டுக் கொல்லப்பட்டார். உண்மையை எழுதுவதன் விலை யாதென்பதை இவ்வாய்வாளர் நேரில் அறிந்தவர் என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

வன்னி மக்களின் கூட்டு மனவடுவைப் பற்றி இவர் 2010இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையும், 2014இல் வெளியிட்ட ‘வடுப்பட்ட சமூகங்கள்’ என்னும் பொருள்படத் தலைப்பிட்ட ஆங்கில நூலுமே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்டவை.

இவற்றின் சிறப்பை அறிய வேறோர் ஆய்வை அருகில் வைத்து நோக்குதல் தகும். 2009இன் நடுப்பகுதியில் யாழ்ப்பாண மாவட்டத்தில் 1,517 குடும்பங்களைத் தெரிந்தெடுத்துச் செய்யப்பட்ட கணக்கெடுப்பொன்று, மனவடு நோய் 7.0 சதவீதத்தினருக்கும், பதகளிப்பு 32.6 சதவீதத்தினருக்கும், மனச்சோர்வு 22.2 சதவீதத்தினருக்கும் உண்டு எனக் கண்டது. இடம்பெயர்ந்த நிலையிலேயே இருந்தோரிடம் இவ்விகிதங்கள் மிக உயர்ந்திருந்தன. இத்தகைய எண்கள் வேண்டியவையே. அவையின்றி ஒரு தாதியைக்கூட அரசிடம் கேட்டுப் பெறுதல் அரிது. எனினும், வினாக்கொத்து தனிமனிதனை மட்டுமே காண்கிறது. நோயில்லை என்று கணக்கிடப்பட்டவனும் அயலவனை நம்ப அஞ்சுகிறான் என்பதையோ, ஊர்ப்பொதுக் காரியங்கள் செய்வாரின்றிக் கிடக்கின்றன என்பதையோ அது பதிவதில்லை.

சோமசுந்தரம் பதிவு செய்வது இதனையே. குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயமுற்றன என்பது அவரது அடிப்படை வாதம். ஐயுறவு, மௌனம், தங்கி வாழும் மனப்பான்மை, தலைமையின் அழிவு ஆகியவற்றை ஒரு சமூகத்தின் நோய்க்குறிகளாக அவர் வகுத்துக் காட்டுகிறார். மருந்தையும் அவர் வெளியிலிருந்து இறக்குமதி செய்யவில்லை. ஆசிரியரையும் கிராம மட்டச் சுகாதார ஊழியரையும் பயிற்றுதல், செபமும் மந்திர உச்சாடனமும் போன்ற பழகிய வழிகளால் மனத்தை ஆற்றுதல், சடங்கும் கூத்தும் ஒப்பாரியும் மீளவும் நிகழ இடங்கொடுத்தல் என்பன அவர் கூறும் வழிகள். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குத் திரளும் மக்களைக் கண்டவர் இவ்வழிகளின் வலிமையை ஐயுறார்.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்டே நாம் மூன்று குறைகளைச் சுட்ட விரும்புகிறோம்.

முதலாவது, வடு என்னும் உருவகம். ட்ரோமா என்பதன் கிரேக்க மூலம் காயத்தைக் குறிப்பது. வடுவோ பொது வழக்கில் ஆறிய புண்ணின் தழும்பு. வள்ளுவர் ஆறாததையே வடு என்றார் என்று மறுப்போர் இருக்கலாம். அப்பொருளிற் கொள்ளின் நமக்கும் உடன்பாடே. ஏனெனில், 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியிற் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. விடை கிடையாமலே பெற்றோர் பலர் மாண்டனர். மகன் இருக்கிறானா இறந்தானா என்று அறியாத தாயின் காயம் எங்ஙனம் தழும்பாகும்?

இரண்டாவது, ‘சமூகம்’ என்ற ஒற்றைச் சொல். வன்னி ஒரே தன்மையான மக்களின் நிலம் அன்று. பரம்பரை வயற்காரரும், கரையோர மீனவரும், இனவன்செயல்களால் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வந்து குடியேறிய காணியற்ற கூலியாளரும் அங்கு வாழ்ந்தனர். ஷெல் எல்லோர் மீதும் விழுந்தது; மீண்டெழும் வசதி எல்லோர்க்கும் ஒன்றாக இருக்கவில்லை. வெளிநாட்டில் உறவினரை உடையவனும் நாட்கூலியை நம்பிய விதவையும் ஒரே துயரிலிருந்து ஒரே வழியால் மீள்வதில்லை. வர்க்கமும் சாதியும் இவ்வாய்வில் தமக்குரிய இடத்தைப் பெறவில்லை என்பது நம் கருத்து.

மூன்றாவது, மொழி. வன்னி மாந்தர் தமிழில் அழுது உரைத்தவை ஆங்கிலத்தில் அச்சேறின. உலகறியச் செய்ய அது வேண்டியதே. ஆயினும், முல்லைத்தீவுப் பள்ளியொன்றில், தகப்பனை இழந்த பிள்ளைக்கு முன் நிற்கும் ஆசிரியரின் கையில் அந்நூல் அவர் மொழியில் இருந்தாலன்றோ பயன் விளையும்?

ஆய்வு எங்கே சென்று முடிய வேண்டும் என்பதற்கு வரலாற்றில் ஒரு முன்மாதிரி உண்டு. 1848இல் மேற் சைலீசியாவில் டைஃபஸ் காய்ச்சல் பரவியபோது, பிரஷ்ய அரசு ருடோல்ஃப் விர்ஹோ என்னும் இளம் மருத்துவரை அனுப்பிற்று. நோய்க்கு மருந்து கேட்ட அரசுக்கு, வறுமையே நோயின் வேர் என்று அவர் விடையிறுத்தார். கல்வியும், சுயாட்சியும், அப்போலிஷ் மக்களின் தாய்மொழிக்கு உரிமையும் வேண்டும் என்றார். அரசுக்கு அது உவப்பாயில்லை.

இலங்கையில் நிகழ்ந்ததும் இதற்கு வேறன்று. போர் முடிந்த முதலாண்டுகளில் வடக்கில் உளசமூகப் பணிகளுக்கு ஜனாதிபதி செயலணி தடை விதித்தது. கட்டடங்களுக்கும் வீதிகளுக்கும் கிடைத்த அனுமதி, மக்கள் கூடியிருந்து பேசுவதற்குக் கிடைக்கவில்லை. 2017இல் கேப்பாப்புலவு மக்கள், படையினர் கைக்கொண்ட தம் காணிகளின் வாயிலில் இரவு பகலாக அமர்ந்திருந்தனர். அவர்களுக்கு வேண்டிய மருந்து காணியே என்பதை அறிய உளமருத்துவ நூல் எதுவும் வேண்டியதில்லை. ஆனால், காணி இழப்பும் நீதி மறுப்பும் நோய்க்காரணிகள் எனச் சான்றுடன் நிறுவுதல் ஆய்வாளரால் இயலும். அதுவே அவர்தம் கடன். சோமசுந்தரம் அத்திசையில் நெடுந்தூரம் நடந்துள்ளார்.

எஞ்சிய தூரத்தை நடக்கவேண்டியவர் யார்? பல்கலைக்கழக மாணவர் இவ்வாய்வுகளைத் தமிழாக்கலாம். ஆசிரியர் தம் வகுப்பறைப் பட்டறிவைக் கொண்டு அவற்றைத் திருத்தலாம். மக்களிடமிருந்து பெற்ற சொல் மக்களிடம் மீளட்டும். மருத்துவமனையாய் மாறிய பள்ளிக்கூடம் மீண்டும் பள்ளிக்கூடமாகிவிட்டது. அங்கு இன்று படிக்கும் பிள்ளை, தன் ஊருக்கு நேர்ந்தது என்னவென்று கேட்கும் நாளில், தமிழில் நேர்மையாக விடைகூற நாம் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.