கைத்தட்டலுக்கு உரியவர் யார்?

கொண்டாட்டப் பாடல்களைத் திறனாய்வுக்கு உரியனவாக நாம் பெரும்பாலும் கருதுவதில்லை. ஆடி முடித்ததும் மறக்கப்படுவன அவை என்னும் எண்ணம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. சோகப் பாடலுக்கு ஆழம் உண்டு, களிப்புப் பாடலுக்கு ஆரவாரம் மட்டுமே உண்டு என்று ஒரு பாகுபாட்டையும் வகுத்துக்கொண்டுள்ளோம். இப்பாகுபாடு நிற்குமா என்று பார்க்க, 2003-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஒலித்த ஜமைக்கப் பாடல் ஒன்றை இங்கு எடுத்துக்கொள்வோம். ஷான் பால் பாடிய ‘கெட் பிஸி’ என்பது அதன் பெயர்.

ஷான் பால் 1973-இல் ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் பிறந்தவர். நடுத்தர வர்க்கக் குடும்பம்; இளமையில் நாட்டின் நீர்ப்பந்தாட்ட அணியில் ஆடியவர். 2002 நவம்பரில் வெளிவந்த ‘டட்டி ராக்’ என்னும் அவருடைய இசைத்தொகுப்பில் இப்பாடல் இடம்பெற்றது. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 2003 மே மாதம் மூன்று வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. தொகுப்பு 2004-இல் சிறந்த ரெகே இசைக்கான கிராமி விருதைப் பெற்றது. வெற்றியின் அளவைச் சொல்ல இவையே போதும். அவ்வெற்றியின் தன்மையை அறிய வேண்டுமானால் பாடல் பிறந்த முற்றத்துக்குள் நாம் நுழைந்தாக வேண்டும்.

டான்ஸ்ஹால் என்பது கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்த இசை. இசைக்குழுவை அமர்த்த வசதியற்ற மக்கள், பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி, இசைத்தட்டுகளைச் சுழலவிட்டுத் திறந்தவெளிகளில் ஆடினர். இந்த ஏற்பாட்டுக்கு ‘சவுண்ட் சிஸ்டம்’ என்று பெயர். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் பாடல் இருக்கும். மறுபக்கத்தில் அதே பாடலின் குரல் நீக்கிய இசை மட்டும் இருக்கும். அந்த வெற்றிசையின்மேல் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தை விளித்து, பாட்டுக்கும் பேச்சுக்கும் இடைப்பட்ட நடையில் சொற்களைப் பொழிவார். ஜமைக்காவில் ‘டீஜே’ என்றால் இவரே. 1970 அளவில் யூ-ராய் போன்றோர் இக்கலையை நாடறியச் செய்தனர்.

இதிலிருந்து உருவானதே ‘ரிதிம்’ என்னும் வழக்கம். குரலில்லாத இசையமைப்பு ஒன்றுக்குத் தனிப் பெயர் சூட்டப்படும். அதன்மேல் பாடகர் பலர் தத்தம் சொற்களை ஏற்றிப் பல பாடல்களைப் பதிவு செய்வர். நம் வழக்கில் ‘மெட்டு’ என்னும் சொல் இதற்கு ஓரளவு நெருங்கி வரும். ஆனால் மெட்டில் ராகத்தின் போக்கு மட்டுமே பொதுவானது. ரிதிமில் பின்னணி ஒலிப்பதிவே பொதுவாகிவிடுகிறது. ஒரே அடித்தளத்தின்மேல் வேறு வேறு வீடுகள் எழுவதுபோல ஒரே ரிதிமின்மேல் பக்திப் பாட்டும் எழும், காதற்பாட்டும் எழும், சண்டைப் பாட்டும் எழும்.

‘கெட் பிஸி’ எழுந்த அடித்தளத்தின் பெயர் ‘திவாலி’. தீபாவளியின் வட இந்திய வழக்குப் பெயரே அது. அதை அமைத்தவர் லெங்கி என்று அழைக்கப்படும் ஸ்டீவன் மார்ஸ்டன். அதன் உயிர்நாடி கைத்தட்டல். தாளத்தின் எதிர்பார்த்த இடத்தில் விழாமல் சற்றே விலகி விழும் தட்டல்கள் அடுக்கடுக்காக வருகின்றன. இசைக்கருவிகள் ஒதுங்கி நிற்கின்றன. சுரங்கள் அதிகம் நகர்வதில்லை. கும்மி கொட்டி வளர்ந்த செவிக்கு இதில் அந்நியம் எதுவுமில்லை. தட்டுகின்ற கைகள் யாருடையவை என்று தெரியாத நிலையில் கேட்பவனும் தன் கைகளை அவற்றோடு சேர்த்துவிடுகிறான். ஜமைக்கக் கிரியோல் மொழி புரியாத கோடிக்கணக்கானோர் இப்பாடலுக்கு ஆடியதன் இரகசியம் இங்குதான் இருக்கிறது.

இதே 2003-இல் இதே ‘திவாலி’யின்மேல் எழுந்த வேறு இரு பாடல்களும் உலகப் புகழ் பெற்றன. வெய்ன் வொண்டர் பாடிய ‘நோ லெட்டிங் கோ’ ஒன்று, அமைதியான காதற்பாட்டு. நியூயார்க்கைச் சேர்ந்த லுமிடி என்னும் இளம்பெண் பாடிய ‘நெவர் லீவ் யூ’ மற்றொன்று; அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை சென்றது. அவருடைய குரல் மெலிந்தது. சுருதியில் திடமாக நிற்பதும் இல்லை. ஆயினும் காத்திருக்கும் ஒருத்தியின் நடுக்கம் அக்குரலில் கேட்கிறது. ஒரே கைத்தட்டல் ஷான் பாலிடம் விருந்தாகிறது, வொண்டரிடம் உறுதிமொழியாகிறது, லுமிடியிடம் ஏக்கமாகிறது.

மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்ட பின்னர் ‘கெட் பிஸி’யின் நிறைகுறைகள் நமக்குத் தெளிவாகத் தெரிகின்றன. அதன் நிறை, அழைப்பின் நேர்மை. ஷான் பால் ராகத்தை அலங்கரிப்பதில்லை. ஏறத்தாழ ஒரே சுரத்தில் நின்று சொற்களைத் தட்டல்களின் இடைவெளிகளில் பொருத்துகிறார். தம் குரலையும் ஒரு தாளக்கருவியாக்கிக்கொள்கிறார். பெண்களைப் பெயர் சொல்லி ஒவ்வொருவராக விளிக்கிறார். விருந்துக்கு வந்தவர்களை வாசலில் நின்று பெயர் சொல்லி வரவேற்கும் வீட்டுக்காரரின் பண்பு அது. டீஜே கலையின் மரபும் அதுவே.

குறையும் அங்கேயே தொடங்குகிறது. பெயர் சொல்லி அழைக்கப்பட்ட பெண்கள் எவரும் இப்பாடலில் வாய் திறப்பதில்லை. ஆடும் உடல்களாகவே அவர்கள் வந்து போகின்றனர். ‘நீ வந்தாயா, ஆடு’ என்பதற்கு மேல் அவர்களிடம் கேட்க இப்பாடலுக்கு எதுவுமில்லை. தனியே வைத்து எடைபோட்டால் இது மெல்லிய பாடல்தான். ஆனால் ரிதிம் மரபில் எந்தப் பாடலும் தனியே நிற்பதற்காகச் செய்யப்படுவதில்லை. கிங்ஸ்டன் ஆடுகளத்தில் ஒரே ரிதிமின் பாடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கும். ஒன்றில் விடுபட்டதை மற்றொன்று சொல்லும். ஷான் பாலின் பாடலில் மௌனமாயிருந்த பெண்ணுக்கு லுமிடியின் பாடலில் நா முளைக்கிறது என்று நாம் கொள்ளலாம். உலகச் சந்தை இந்த வரிசையைக் கலைத்து, ஒவ்வொரு பாடலையும் தனிச் சரக்காக விற்றது. களிப்பு மெலிந்து தோன்றியதற்கு அந்தத் தனிமைப்படுத்தலும் ஒரு காரணம்.

அவ்வாறு தனிமைப்படுத்தியதில் பெயர்களும் உதிர்ந்தன. மார்ஸ்டனின் பெயர் ‘கெட் பிஸி’யை இயற்றியோர் வரிசையில் ஷான் பாலுடன் சேர்த்துப் பதிவாகியிருக்கிறது. ஆவணம் அவரை மறக்கவில்லை. ஆடிய உலகம் அவரை அறியவே இல்லை. இது அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1985-இல் வெய்ன் ஸ்மித் பாடி, கிங் ஜாமி வெளியிட்ட ‘ஸ்லெங் டெங்’ ரிதிம், ஜப்பானிய காசியோ நிறுவனத்தின் சிறு விசைப்பலகை ஒன்றில் முன்கூட்டியே அமைத்து வைக்கப்பட்டிருந்த தாளத்திலிருந்து பிறந்தது. அதன்மேல் நூற்றுக்கணக்கான பாடல்கள் எழுந்தன. அத்தாளத்தை அமைத்தவர் ஹிரோகோ ஒகுடா என்னும் பெண் என்பது உலகுக்குத் தெரியவர நெடுங்காலம் பிடித்தது.

பொதுவில் வைத்துப் பகிர்வது உயர்ந்த பண்பு என்று சொல்லி நாம் கடந்துவிடவும் இயலாது. 1960-களில் கிங்ஸ்டன் ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்த கலைஞர்களின் இசை, பின்வந்த பதிற்றாண்டுகளில் திரும்பத் திரும்பப் பயன்பட்டது. வாசித்தவர்களிற் பலர் அதற்கேற்ற பயனைக் காணவில்லை. ஸ்டீலி, கிளீவி என்னும் இரட்டையர் 1989-இல் அமைத்த ‘ஃபிஷ் மார்க்கெட்’ தாளமே ரெகேதோன் என்னும் இலத்தீன் அமெரிக்க இசை முழுமைக்கும் அடிப்படை என்று கூறி, கிளீவியும் மறைந்த ஸ்டீலியின் உரிமையாளர்களும் 2021-இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தனர். அதைத் தொடக்கத்திலேயே தள்ளிவிட 2024-இல் நீதிமன்றம் மறுத்தது. ஒரு தாளம் ஒருவரின் உடைமையாகுமா என்னும் கேள்வி எளியதன்று. ‘ஆகும்’ என்றால் ரிதிம் மரபே மூச்சு முட்டும்; ‘ஆகாது’ என்றால் உழைத்தவன் வெறுங்கையோடு நிற்பான்.

ஷான் பாலும் இவ்வலியை உணர்ந்தவரே. வேற்றுநாட்டுப் புகழ்பெற்ற பாடகர்கள் டான்ஸ்ஹால் இசையைக் கையாண்டுவிட்டு அதன் பிறப்பிடத்தைக் குறிப்பிடாமல் விடுவது தம்மை வருத்துவதாக 2016-இல் அவர் வெளிப்படையாகச் சொன்னார். அச்சொல் நியாயமானது. அதே அளவுகோல் அவருடைய பெரும் வெற்றிக்கும் பொருந்தும் என்பதை நாம் சேர்த்து நினைக்க வேண்டும். ஏழைகளின் முற்றத்தில் வளர்ந்த கலையைக் கற்ற நடுத்தர வர்க்க இளைஞர் ஒருவரே அதன் உலக முகமானார். அது அவருடைய குற்றமன்று. ஆனால் ஒரு முகத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் நம் வழக்கம் கேள்விக்குரியது.

‘திவாலி’ என்னும் பெயருக்குப் பின்னும் ஒரு வரலாறு உண்டு. ‘பிளண்டல்’ என்னும் கப்பல் 1845 மே 10 அன்று இந்திய ஒப்பந்தக் கூலிகளை முதன்முதலாக ஜமைக்காவின் ஓல்டு ஹார்பர் விரிகுடாவில் இறக்கியது. பின்னர் எழுபது ஆண்டுகள் அளவில் ஏறத்தாழ 36,000 பேர் அத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்கும் பிற தோட்டங்களுக்கும் கொண்டுவரப்பட்டனர். பெரும்பாலோர் வட இந்தியர். அவர்களோடு கடல் கடந்து வந்த பண்டிகைகளுள் ஒன்றன் பெயரையே இந்த ரிதிம் தாங்கியிருக்கிறது. ‘கெட் பிஸி’ அமெரிக்காவில் முதலிடம் பெற்ற முதல் வாரப் பட்டியலின் தேதியும் மே 10 என்பது தற்செயல். அதற்கு மேல் பொருள் தேட வேண்டியதில்லை. எனினும், கூலிகளாய் வந்தவர்களின் பண்டிகைப் பெயர் அதே நாளில் உலக மேடையின் உச்சியில் இருந்தது. மேடையைப் பார்த்தவர்களில் அதை அறிந்தவர் மிகச் சிலரே.

களிப்புப் பாடலுக்கு ஆழம் இல்லை என்னும் நம் பாகுபாடு இனி நிற்குமென்று தோன்றவில்லை. ‘கெட் பிஸி’யின் ஆழம் அதன் சொற்களில் இல்லை, சொற்களுக்கு அடியில் தட்டிக்கொண்டிருக்கும் கைகளில் இருக்கிறது. அக்கைகள் கிங்ஸ்டன் முற்றங்களுக்குச் சொந்தமானவை. இனி இப்பாடல் எங்கேனும் காதில் விழுந்தால், அதன் இரு உடன்பிறப்புகளையும் தேடிக் கேட்போம். லெங்கி மார்ஸ்டன் என்னும் பெயரையும் ஒருமுறை சொல்லிக்கொள்வோம். அதனால் ஆடுகிறவர்களின் இன்பம் சற்றும் குறையாது.