மேய்ச்சல் வாழ்வும் மழலைப் பருவமும்: 'மஞ்சள் நாயின் குகை' – ஒரு திறனாய்வு

முன்னுரை

மங்கோலிய இயக்குநர் பியாம்பாசுரென் தாவா 2005ஆம் ஆண்டில் உருவாக்கிய 'மஞ்சள் நாயின் குகை' என்னும் திரைப்படத்தைச் சிறுமி ஒருத்திக்கும் நாய்க்கும் இடையே மலரும் அன்பின் கதையாகக் கொள்வது எளிது. தமிழ் இலக்கியம் பயின்ற நமக்கோ, அதனை முல்லைத் திணையின் காட்சியாகக் காணும் விருப்பமும் எழும். இவ்விரு நோக்குகளும் படத்தின் மையத்தைத் தொடவில்லை என்பதே நம் கருத்து. மந்தையைக் காப்பதும் பிள்ளையைக் காப்பதும் ஒரே வேளையில் தேவைப்படும்போது ஒரு மேய்ச்சல் குடும்பம் என்ன செய்யும் என்னும் வினாவே இப்படத்தின் உயிர்நிலை எனலாம்.

குதிரையும் சிறுமியும்

தாய், தந்தை, மூன்று சிறு பிள்ளைகள் ஆகிய ஐவரே இக்குடும்பத்தினர். உண்மையான நாடோடிக் குடும்பத்தினரே இப்பாத்திரங்களை ஏற்றுள்ளனர். ஓநாய்களால் ஆடுகளை இழந்த தந்தை, அவற்றின் தோல்களை விற்க நகருக்குச் செல்கிறார். பால் கறத்தல், பாலாடைக் கட்டி செய்தல், மழலைகளைப் பேணுதல் என அனைத்தும் தாயின் தோளில் விழுகின்றன. எனவே, பள்ளியிலிருந்து திரும்பியுள்ள மூத்த மகள் நான்சால் தனியாகக் குதிரையேறி மந்தையை ஓட்டிச் செல்கிறாள். அவளுக்கு வயது ஏறத்தாழ ஆறே. இதனை வீரச் செயலாகவோ கொடுமையாகவோ இயக்குநர் காட்டவில்லை. வீட்டு வேலைகளுள் ஒன்றாகவே காட்டுகிறார்.

முல்லைப் பாடல்களிலும் குதிரை உண்டு. ஆயின், அது வினைமுடித்து மீளும் தலைவனின் தேரை இழுக்கும் குதிரை. மங்கோலியப் புல்வெளியிலோ குதிரை மேய்ப்பரின் கால், பெண்ணின் கால், குழந்தையின் காலும்கூட. பரந்த வெளியில் நடந்து மேய்க்க இயலாத சிறுமியை வேலைக்கு உரியவளாக்குவது குதிரையே. வீட்டிலிருந்து அவளைக் கண்ணுக்கு எட்டாத தொலைவிற்குக் கொண்டு செல்வதும் அதுவே. இவ்விரட்டைத் தன்மையை நுட்பமாக உணர்த்தியிருப்பது படத்தின் முதன்மைச் சிறப்பாகும்.

இரு தாயர்

தான் கண்டெடுத்த 'சோச்சோர்' என்னும் நாயைத் தேடிச் சென்று நான்சால் வழி தவறுகிறாள். மாலையில் மந்தை வீடு திரும்புகிறது, மகள் திரும்பவில்லை. தாய் இரு மழலைகளையும் கூடாரத்தில் விட்டுவிட்டு, குதிரையேறித் தேடப் புறப்படுகிறாள். ஒரு பிள்ளையைக் காக்க இரு பிள்ளைகளைக் காவலின்றி விட வேண்டிய இந்நிலையே படத்தின் உச்சம் என நாம் கருதுகிறோம்.

இவ்விடத்தில் பெரியாழ்வார் படைத்த யசோதை நம் நினைவிற்கு வருகிறாள். கன்றுகளின் பின்னே காட்டிற்குப் பிள்ளையை அனுப்பிவிட்டோமே என்று அவள் தன்னையே நொந்துகொள்கிறாள். அவளது கலக்கத்தை ஆழ்வார் பக்தியாகக் கனியச் செய்தார். தாவாவின் தாய்க்கோ புலம்ப நேரமில்லை. அவளது கலக்கம் முழுவதும் செயலாகிவிடுகிறது. பிள்ளையை மேய்ச்சலுக்கு அனுப்பிய தாயின் அச்சம் இருவருக்கும் பொது. அதனை வெளியிடும் வழியே வேறு.

நான்சாலுக்குத் தாய் கற்பிக்கும் பாடமும் குறிப்பிடத்தக்கது. உள்ளங்கையை விரித்து அதன் நடுவைக் கடிக்கச் சொல்கிறாள். பற்களுக்கு அது எட்டுவதில்லை. கண்முன் இருப்பதெல்லாம் கைக்கூடாது என்பதை அறிவுரையின்றி உணர்த்தும் இக்காட்சி, மேய்ச்சல் குடும்பத்தின் கல்விமுறைக்குச் சிறந்த சான்று. மானிடப் பிறவியின் அருமையை ஊசிமுனையில் அரிசி மணி நிற்பதோடு ஒப்பிட்டு முதியவள் விளக்குவதும் இத்தகையதே. இந்தியாவில் தோன்றிய பௌத்தச் சிந்தனை புல்வெளியின் அன்றாடப் பேச்சாக உருப்பெற்றுள்ளதை இங்குக் காண்கிறோம்.

குறைகள்

படத்தின் முடிவு நமக்கு முழு நிறைவு தரவில்லை. குடும்பம் இடம்பெயரும்போது வண்டிக் கூடையிலிருந்து நழுவிய ஆண் குழந்தை பின்தங்கிவிடுகிறது. கழுகுகளிடமிருந்து அதனைக் காத்ததால், முன்பு ஐயுற்ற தந்தை நாயை ஏற்றுக்கொள்கிறார். நாயின் தகுதி நிலைநாட்டப்படுகிறது. ஆனால், கைகள் போதாத குடும்பத்தில் குழந்தையைக் காப்பவர் யார் என்னும் வினா, தற்செயலான ஒரு மீட்பினால் மூடப்பட்டுவிடுகிறது. அத்துடன், நான்சால் தனியாகச் செல்லும் காட்சிகளில் உண்மையில் அவள் தனியாக இல்லை. படப்பிடிப்புக் குழு உடனிருந்தது. ஆவணப்படத்தின் தோற்றத்தைக் கொண்ட இப்படைப்பைக் காண்போர் இதனை மறத்தலாகாது.

முடிவுரை

1999 முதல் 2002 வரை தொடர்ந்த கடுங்குளிர்ப் பேரிடர்களில் மங்கோலியா பல மில்லியன் கால்நடைகளை இழந்தது. மேய்ப்பர் பலர் உலான்பாத்தர் நகருக்குக் குடிபெயர்ந்தனர். நகருக்குச் செல்வதா, புல்வெளியில் நிற்பதா என்னும் தயக்கம் இக்குடும்பத்திலும் நிழலாடுகிறது. இறுதியில் எதிர்ப்படும் தேர்தல் பரப்புரை வண்டி அத்தயக்கத்தை மிகைப்படுத்தாமல் நினைவூட்டுகிறது. நான்சால் குதிரையேறுவதை அழகிய காட்சியாக மட்டும் கண்டு மகிழ்தல் போதாது. அவள் ஏறாவிடில் மந்தை இல்லை. ஏறினாலோ தாய்க்கு அமைதி இல்லை. இவ்வுண்மையைக் கூச்சலின்றி நம்முன் வைத்தமையால், குறைகள் இருப்பினும் இப்படம் தமிழ் மாணவர்கள் முல்லைப் பாடல்களோடும் ஆழ்வார் பாசுரங்களோடும் ஒப்பிட்டுப் பயிலத்தக்க படைப்பாகத் திகழ்கிறது.