சமாரியன் நாம் இல்லை

நல்ல சமாரியன் கதையை நாம் வசதியாக வாசித்துப் பழகிவிட்டோம் என்பது என் எண்ணம். பிரசங்கங்களில் அது ‘அடிபட்டவனுக்கு உதவு’ என்கிற நீதிக்கதையாகச் சுருங்கிவிடுகிறது. உதவுகிற இடத்தில் எப்பவும் நாம்தான்.

அப்படி வாசிக்க கவரைப்பேட்டை நல்ல உதாரணம். 2024 அக்டோபர் 11 இரவு, பீகாருக்குப் போய்க்கொண்டிருந்த மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. உயிர்ச்சேதம் இல்லை. ஊர்க்காரர்கள் ஓடிப்போய் உதவினார்கள். பயணிகளைக் கல்யாண மண்டபங்களில் தங்கவைத்துச் சாப்பாடு கொடுத்தார்கள். கதையில் வரும் சத்திரம் மாதிரியே. இந்த இரக்கத்தில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் லூக்கா எழுதியிருப்பது இதைவிடக் கஷ்டமான கதை. கேட்பவர் ஒரு யூத நியாயசாஸ்திரி. யூதர்களுக்குச் சமாரியர் என்றாலே ஆகாது. குற்றுயிராகக் கிடப்பவனின் கண்ணால் கதையைப் பார்க்கவைத்து, ஆகாதவன் கையால் மருந்து போட்டுக்கொள்ளச் சொல்கிறார் இயேசு. கடைசியில், பிறனாக நடந்துகொண்டவன் யார் என்று கேட்கிறார். ‘சமாரியன்’ என்ற சொல் சாஸ்திரியின் வாயில் வரவேயில்லை. இரக்கம் காட்டிய ஆள் என்று சுற்றிவளைத்துச் சொல்லி நழுவுகிறார். கதையின் உச்சம் எனக்கு அந்த நழுவல்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்கு வருகிறவரை ‘வடக்கன்’ என்று சொல்லிப் பழகிய வாய் நம்முடையது. ஜிஎன்டி ரோட்டில் நாம் விழுந்துகிடக்க, ஷிஃப்ட் முடிந்து வரும் அந்த ஆள் தூக்கிவிட்டால்? மறுநாள் அவரை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவோம்? அதைக் கேட்காத பிரசங்கம், கதையைப் பாதியில் நிறுத்திய பிரசங்கம்.